கணக்கு நேராகாமல் பையை மூடாதே: ஒரு பழைய கண்டக்டரின் இயற்கணிதப் பாடம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குக் கடைசி நடையை முடித்துவிட்டு வசூலை எண்ண உட்கார்ந்தேன். இன்வாய்ஸில், அதாவது ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் விற்ற டிக்கெட் கணக்கை எழுதும் தாளில், நான் எழுதியிருந்த மொத்தத்தைவிடப் பையில் 27 ரூபாய் குறைந்தது. அன்றைய சம்பளத்தில் 27 ரூபாய் சின்னத் தொகை இல்லை. குறைந்தால் கைக்காசைப் போட்டுத்தான் கட்ட வேண்டும். சில்லறையை நான்கு முறை எண்ணினேன். குளிரில் விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மூத்த கண்டக்டர், "எவ்வளவு இடிக்கிறது?" என்றார். சொன்னேன். "ஒன்பதால் வகுபடுகிறதே. அப்படியானால் பணம் எங்கும் போயிருக்காது. எங்கேயோ எண்ணைத் திருப்பி எழுதியிருக்கிறாய். இரண்டு இலக்கத்துக்கும் மூன்று வித்தியாசம் உள்ள இடமாகத் தேடு." தேடினேன். டம்டம் பாறை ஸ்டேஜுக்கு நேரே, 14 இருக்க வேண்டிய இடத்தில் 41 உட்கார்ந்திருந்தது.

அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். நான் பி.எஸ்சி. கணிதம். அன்றிரவு பஸ்ஸிலேயே படுத்தேன், தூக்கம் வரவில்லை. காலி டிக்கெட் கட்டின் அட்டையில் எழுதிப் பார்த்தேன். பத்தாம் இடத்து இலக்கம் ப, ஒன்றாம் இடத்து இலக்கம் ஒ என்றால் எண் 10ப + ஒ. திருப்பி எழுதினால் 10ஒ + ப. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 9ப − 9ஒ, அதாவது 9(ப − ஒ). எந்த எண்ணைத் திருப்பினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்குதான். 27 என்றால் 9 × 3. ஆகவே இலக்கங்களுக்குள் மூன்று வித்தியாசம். மூன்று வருடம் கல்லூரியில் படித்த இயற்கணிதம் அன்றைக்குத்தான் எனக்கு 27 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்தது.

2016-இல் ஓய்வு பெற்றேன். இப்போது பெருமாள்மலையில் இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் என் பேத்தியும் தெருவில் எட்டு, ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகளும் எங்கள் முன்னறையில் கூடுவார்கள். வீட்டுக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடங்களைப் பார்ப்போம். அதன்பின் வாரம் முழுக்க வைத்துக்கொள்ள ஒரே ஒரு கணக்குக் கொடுப்பேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வரி தமிழில்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் 46 பேர். முழு டிக்கெட் 18 ரூபாய், அரை டிக்கெட் 9 ரூபாய். வசூல் 720 ரூபாய். முழு டிக்கெட் எத்தனை, அரை டிக்கெட் எத்தனை?

புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். பழகும்போது மட்டும் மு, அ என்று போடச் சொல்வேன். இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணங்களின் பெயரை வைத்து, அவற்றின் முதலெழுத்தை எழுதித்தான் சமன்பாடு போட்டார். வடமொழிப் பெயர்கள் என்பதால் கா, நீ, பீ என்று போகும். நாம் மு, அ என்று போட்டால் குடி முழுகிவிடாது.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. பிள்ளைகளிடம் "மு என்றால் என்ன?" என்று கேட்டால் "முழு டிக்கெட்" என்பார்கள். டிக்கெட் காகிதம், காகிதத்தை 18-ஆல் பெருக்க முடியாது. மு என்பது முழு டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. இந்த ஒரு சொல் விட்டுப்போவதால் வருகிற வினையைப் பாருங்கள். "ஒவ்வொரு கண்டக்டருக்கும் 50 பயணிகள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் பத்துக்கு ஏழு பேர் க = 50ப என்று எழுதிவிடுகிறார்கள். சொல் வந்த வரிசையிலேயே கை ஓடுகிறது. கண்டக்டர் 2 பேர் என்று வையுங்கள். பயணிகள் 100 வர வேண்டும். 2 = 50 × 100 ஆகுமா? ஆகாது. ப = 50க என்பதே சரி. ஆகவே கணக்கு எதுவானாலும் முதல் வரியை முழு வாக்கியமாகத் தமிழில் எழுதுங்கள்: "முழு டிக்கெட்டுகளின் எண்ணிக்கை மு என்க. அரை டிக்கெட்டுகளின் எண்ணிக்கை அ என்க." இந்த இரண்டு வரிக்கு ஆகிற நேரம் அரை நிமிடம்.

அதன்பிறகு கணக்கில் உள்ள ஒவ்வொரு செய்தியும் ஒவ்வொரு சமன்பாடு. ஆள் கணக்கு: மு + அ = 46. காசுக் கணக்கு: 18மு + 9அ = 720. இரண்டாவதை 9-ஆல் வகுத்தால் 2மு + அ = 80. இதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மு = 34. மீதி அ = 12. நீக்கல் முறை என்று புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

கண்டக்டர்கள் இதைச் சமன்பாடு இல்லாமலே போடுவோம். 46 பேருக்கும் அரை டிக்கெட் கிழித்ததாக வைத்துக்கொள். 414 ரூபாய். வசூலில் மிச்சம் 306. ஒவ்வொரு முழு டிக்கெட்டுக்கும் 9 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. 306-ஐ 9-ஆல் வகுத்தால் 34. இதைச் சொன்னதும் ஒரு பையன், "இவ்வளவு சுலபமாக இருக்கும்போது சமன்பாடு எதற்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அரை டிக்கெட்டோடு லக்கேஜ் டிக்கெட்டும் சேர்ந்தால் என் வாய்க்கணக்கு திணறும். சமன்பாடு திணறாது, இன்னொரு எழுத்தையும் இன்னொரு வரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

போட்டுப் பார்

வீட்டுக்கணக்கை முடித்ததும் புத்தகத்தின் பின்பக்கம் புரட்டுகிறீர்களே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். டிப்போவில் எந்தக் கண்டக்டருக்கும் விடைப்பக்கம் கிடையாது. இன்வாய்ஸும் பையும் ஒத்துப்போகிறதா என்று அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். 34 × 18 = 612. 12 × 9 = 108. கூட்டினால் 720. பை நேராகிவிட்டது. இனி யாரையும் கேட்க வேண்டாம்.

கிடைத்த விடையைக் கடைசியாக எழுதிய வரியில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. கணக்கில் கொடுத்த ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். இதை என் பேத்தியின் நோட்டை வைத்தே காட்டுகிறேன். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

நான் கொடுத்த கணக்கு இது. 2018-இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தபோது தாத்தாவின் வயது பேத்தியின் வயதைப்போல் 10 மடங்கு. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். அடுத்து 2030-இல் பூக்கும்போது 4 மடங்கு. 2018-இல் இருவருக்கும் வயது என்ன?

அவளுக்குத் தன் வயது தெரியும். இருந்தாலும் தெரியாததுபோல் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 2018-இல் பேத்தியின் வயது பே. தாத்தாவின் வயது 10பே. 2030-இல் இருவருக்கும் 12 கூடும். அவள் எழுதியது: 10பே + 12 = 4பே + 12. ஆகவே 6பே = 0. ஆகவே பே = 0.

எழுதிவிட்டுச் சிரித்தாள். "தாத்தா, எனக்கும் வயது சைபர், உங்களுக்கும் சைபர்." பத்து மடங்கு என்ற முதல் வாக்கியத்தில் போட்டால் சைபர் அழகாகப் பொருந்திவிடுகிறது, அதைக் கவனியுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் போட்டால்தான் பிடிபடும்: 2030-இல் எனக்கும் 12, அவளுக்கும் 12. நான்கு மடங்கு எங்கே? அதற்குப் பின் தவறைத் தேடினாள். நான்கு மடங்கு என்பது 2030-இல் உள்ள முழு வயதுக்கும் உரியது. அடைப்புக்குறி போட்டு 4(பே + 12) என்று எழுத வேண்டும். 4 உள்ளே போனால் 4பே + 48. இப்போது 6பே = 36. பே = 6, தாத்தாவுக்கு 60. 2030-இல் 18, 72. நான்கு மடங்கு.

விடாமல் இன்னொன்று கேட்டேன். 2006-இலும் குறிஞ்சி பூத்தது. அப்போது உன் வயது? 6 − 12 = −6. "தப்பாக வருகிறது" என்றாள். தப்பில்லை. நீ பிறக்க இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்று அந்தக் கழித்தல் குறி சொல்கிறது. கழித்தல் விடை வந்தால் உடனே அடித்துவிடாமல், அது என்ன சொல்கிறது என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். முழு டிக்கெட்டின் எண்ணிக்கை −6 என்று வந்தால் மட்டும் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் வளைவுகள்

அதிகமாகப் பார்ப்பது சமக்குறியைச் சங்கிலியாக இழுப்பது. 2மு + 6 = 20 = 2மு = 14 = மு = 7. இதைப் படித்தால் 20-உம் 14-உம் 7-உம் ஒன்று என்றாகிறது. இப்படி இன்வாய்ஸ் எழுதியிருந்தால் என்னை முதல் மாதமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் இந்தக் குறியை முதன்முதலாக அச்சில் போட்டபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்று காரணம் சொன்னார். அவருக்காகவாவது ஒரு வரிக்கு ஒரு சமக்குறி போதும். அடுத்த சமன்பாடு அடுத்த வரியில், சமக்குறிக்கு நேர் கீழே சமக்குறி.

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மந்திரம் எனக்குப் பிடிக்காது. எதுவும் எங்கும் போவதில்லை. இரு பக்கமும் ஒரே அளவைக் கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம். மந்திரமாக மட்டும் மனப்பாடம் செய்தவன் 3மு = 12 என்பதை மு = 12 − 3 என்று எழுதுவான். எழுதிய பையன்கள் இரண்டு பேர் இப்போதும் சனிக்கிழமை வருகிறார்கள்.

(க + ங)² என்பது க² + ங² ஆகாது. 3-உம் 4-உம் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. முற்றொருமை மறந்துபோனால் இப்படிச் சின்ன எண்களைப் போட்டுச் சோதிக்கலாம். பரீட்சை அறையில் யாரும் தடுக்க மாட்டார்கள். க² = 5க என்று வந்தால் இரு பக்கமும் க-வை அடித்து 5 என்று எழுதிவிடாதீர்கள்; 0 என்ற விடை காணாமல் போகிறது. இரு பக்கமும் 5க-வைக் கழித்துக் காரணிப்படுத்தினால் இரண்டும் கிடைக்கும்.

நோட்டில் ரப்பர் வேண்டாம். இன்வாய்ஸில் எண்மேல் எண் எழுதக் கூடாது. ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும், அடித்தது தெரிய வேண்டும். கணக்கு நோட்டிலும் அதுவே செய்யுங்கள். தவறு கண்ணில் இருந்தால்தான் அடுத்த வாரம் அதே தவறு வரும்போது அடையாளம் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்கணக்கு எழுதுவதும் வேண்டாம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் 6 எல்லாம் 0 ஆகிவிடும். பஸ்ஸில் யோசிக்கலாம்; அதற்குக் காசு இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். "எனக்கு இயற்கணிதம் தெரியாதே" என்று ஒதுங்காதீர்கள். பூண்டு, காபி, பேரி என்று விற்று வாங்குகிற நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இந்த எழுத்து எதன் எண்ணிக்கை? எது எதற்குச் சமம்? வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா? பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வாய்விட்டுச் சொல்லும்போதே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

வாரக் கணக்கு வேறு ஜாதி

வீட்டுக்கணக்கு பழக்கத்துக்கு, எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே தெரியும். வாரக் கணக்கில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. தெரியாமல் இரண்டு மூன்று நாள் இருப்பதுதான் அதன் வேலை. ஆகவே எங்கள் வீட்டு ஏற்பாடு இது: சனிக்கிழமை கணக்கு. புதன்கிழமை வரை என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. தினமும் நோட்டில் தேதி போட்டு ஒரு வரியாவது எழுத வேண்டும். "இன்று எதுவும் தோன்றவில்லை" என்பதும் வரிதான். புதன்கிழமை கேட்டால் ஒரு குறிப்பு மட்டும். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் நோட்டை வாசிக்க வேண்டும். விடை வந்தவனுக்கு ஒரு பேரிக்காய். தவறான வழியில் போய், எங்கே தவறியது என்று எழுதி வந்தவனுக்கு இரண்டு.

சென்ற ஆண்டு கொடுத்த ஒன்று. பஸ் வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். போக வர மொத்தத்துக்கும் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் ஆக வேண்டும். இறங்கும்போது எந்த வேகத்தில் வர வேண்டும்?

முதல் நாளே எல்லார் நோட்டிலும் 60. இருபதும் அறுபதும் கூட்டி இரண்டால் வகுத்தால் 40. என்னிடம் கேட்க முடியாது என்பதால், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமை தானே சோதித்தாள். தூரம் 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாள். ஏற 3 மணி, இறங்க 1 மணி. 120 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம், சராசரி 30. செவ்வாய்க்கிழமை வேகத்தை 120 ஆக்கினாள்: மொத்தம் மூன்றரை மணி, சராசரி 34 சொச்சம். புதன்கிழமை 600. அந்த வேகத்தில் டம்டம் பாறையில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு படம் வேறு போட்டிருந்தாள். சராசரி 38.7. வியாழக்கிழமை வரி: "கிட்டே போகிறது. ஆனால் தொட மாட்டேன் என்கிறது."

வெள்ளிக்கிழமைதான் எழுத்து போட்டாள். தூரம் தூ, இறங்கும் வேகம் வே. ஏற ஆகும் நேரம் தூ/20. இறங்க தூ/வே. மொத்தத் தூரம் 2தூ, சராசரி 40 ஆக வேண்டுமானால் மொத்த நேரம் 2தூ/40, அதாவது தூ/20. ஏறவே அந்த நேரம் முழுக்கத் தீர்ந்துவிட்டது! இறங்குவதற்கு மிச்சம் 0. அவள் விடை: "முடியாது." அதற்குக் கீழே, "தாத்தா ஏமாற்றிவிட்டார்." இரண்டு பேரிக்காய் கொடுத்தேன், மூன்றாவதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

திங்கள் முதல் வியாழன் வரை அவள் செய்தது வீண் என்று நினைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எண் போட்டுப் பார்க்காமல் நேராகச் சமன்பாட்டுக்குப் போனவர்கள் இருவர்; அவர்களுக்கு தூ/வே = 0 என்று வந்ததும் எங்கோ பிழை என்று அடித்துவிட்டார்கள். அவள் மட்டும் நம்பினாள். ஏனென்றால் 38.7 வரை போய்ப் பார்த்திருந்தாள்.

பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு இராமானுஜன் கணக்கு ஒன்று உண்டு. 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கு அவர் விட்ட சவால். வர்க்கமூலத்துக்குள் 1 + 2 × வர்க்கமூலம். அதற்குள் 1 + 3 × வர்க்கமூலம். அதற்குள் 1 + 4 × என்று முடிவில்லாமல் போகிறது. மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் வரை யாரும் விடை அனுப்பவில்லை. பின்பு அவரே வெளியிட்டார். விடை 3. ஏன் என்று கண்டுபிடிப்பதே வாரக் கணக்கு. புதன்கிழமைக் குறிப்பு: 9-ஐ 1 + 2 × 4 என்று எழுது, அந்த 4-ஐ √16 என்று எழுதி, 16-ஐ 1 + 3 × 5 ஆக்கு. இதழ் வாசித்தவர்களுக்கே மாதக்கணக்கில் விடை வரவில்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பெரிதாகத் தோன்றாது.

கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறது. தெரியும். வீட்டுக்கணக்கு முழுக்கப் போட்டபின், எந்த வரியில் பிசகினேன் என்று பார்க்க அதைப் பயன்படுத்தினால் எனக்குச் சண்டை இல்லை. வாரக் கணக்குக்கு மட்டும் கூடாது. விடையைப் பார்த்தவன் நோட்டு எனக்குத் தெரிந்துவிடும். அதில் அடித்தல் திருத்தலே இருக்காது.

இந்த வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்டக்டர் மூன்று இலக்கத் தொகை ஒன்றை எழுதும்போது முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் இடம் மாற்றிவிட்டான். நடு இலக்கம் அப்படியே இருக்கிறது. பையில் 198 ரூபாய் குறைகிறது. மாறிய இலக்கங்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு? நடு இலக்கம் என்னவென்று இதிலிருந்து சொல்ல முடியுமா, முடியாதென்றால் ஏன்? 27 ரூபாய்க்கு நான் டிக்கெட் அட்டையில் எழுதியதை மூன்று எழுத்துக்கு நீட்டிப் பாருங்கள். இதற்குமேல் புதன்கிழமைதான்.